சுகாதாரக் கொள்கைக்கு ஆலோசனை கேட்டால் எதை முதலில் எழுதுவது?

எங்கள் வீட்டில் அம்மாவின் மாத்திரைகளுக்கென்று ஒரு பழைய பிஸ்கட் டப்பா இருக்கிறது. ஒரு பக்கம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்த மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை நோய் மாத்திரை அட்டைகள், முதுகில் விற்பனைக்கு அல்ல என்று அச்சடித்தவை. இன்னொரு பக்கம் கடையில் காசு கொடுத்து வாங்கியவை, ரப்பர் பேண்டு போட்ட பில்களோடு. அரசு அட்டைகள் நிறைந்திருக்கும் மாதம் செலவு தெரியாது. "ஸ்டாக் வரலை, அடுத்த வாரம் வாங்கம்மா" என்று திருப்பி அனுப்பிய மாதம் பில் கட்டு தடித்துவிடும். ஒரு தடவை அப்படித் திரும்பி வந்தவர், கடையில் வாங்க மனசு வராமல், இருந்த மாத்திரையை ரெண்டு வேளைக்குப் பதில் ஒரு வேளையாகக் குறைத்துக்கொண்டார். யாரிடமும் சொல்லவில்லை. எங்களுக்குத் தெரியவந்தபோது சர்க்கரை முந்நூறைத் தாண்டியிருந்தது.

அதே டப்பாவின் அடியில் காப்பீட்டு அட்டையும் இருக்கிறது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. அந்த அட்டையைக் காட்டி அம்மாவுக்கு ஒரு நாள் மாத்திரைகூட வாங்க முடியாது.

நாட்டின் சுகாதாரக் கொள்கைக்கு என்ன ஆலோசனை சொல்லலாம் என்ற பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு இந்த டப்பாதான் ஞாபகத்துக்கு வருகிறது. சுதந்திர இந்தியாவில் இதுவரை மூன்று தேசிய சுகாதாரக் கொள்கைகள் வந்திருக்கின்றன: 1983, 2002, 2017. கடைசியாக வந்ததற்கு முன்பு வரைவைப் பொதுவெளியில் வைத்து மக்களிடம் கருத்து கேட்டார்கள். 2014 முடிந்து 2015 பிறந்த நேரம் அது. சுகாதாரத்தைச் சட்டப்படியான உரிமை ஆக்கலாமா என்ற கேள்வி அந்த வரைவிலேயே இருந்தது. இறுதிக் கொள்கையில் உரிமை இல்லை, படிப்படியாக உறுதி செய்வோம் என்ற அணுகுமுறைதான் இருந்தது. அரசின் சுகாதாரச் செலவை 2025க்குள் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.5 சதவீதமாக உயர்த்துவோம் என்றும் அந்தக் கொள்கை சொன்னது. தேசிய சுகாதாரக் கணக்குப்படி 2021-22இல் அது 1.84 சதவீதம். 2002 கொள்கையோ 2010க்குள் 2 சதவீதம் என்று சொல்லியிருந்தது! இலக்குகள் எழுதப்படுகின்றன, காலக்கெடு கடந்துபோகிறது, மறுபடி எழுதப்படுகின்றன. அதனால் அடுத்த முறை கருத்து கேட்டால் "எல்லாம் வேண்டும்" என்று எழுதுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. எல்லாம் கேட்டால், கொடுப்பவர் தனக்கு வசதியானதை முதலில் எடுத்துக்கொள்வார். எது முதலில் என்று நாம்தான் வரிசை போட்டுக் கொடுக்க வேண்டும்.

மக்கள் சொல்லும் ஆலோசனைகளைக் கூட்டிப் பெருக்கினால் பெரும்பாலும் நான்கில் அடங்கிவிடும். எல்லோருக்கும் காப்பீடு. ஆரம்ப சுகாதார நிலையங்களைப் பலப்படுத்துவது. மருந்தும் பரிசோதனையும் இலவசம். மருத்துவத்தை உரிமையாக்கும் சட்டம். நான்குமே நல்லவைதான். ஆனால் அடுத்து வரும் ஒரு ரூபாய் முதலில் எதற்குப் போக வேண்டும் என்று கேட்டால் நான்கும் ஒன்றல்ல.

காப்பீடு தருவதும் தராததும்

காப்பீட்டைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. பக்கத்து வீட்டு அண்ணனுக்கு பைபாஸ் செய்தது முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில்தான். அது இல்லையென்றால் அந்த வீடு அடமானத்துக்குப் போயிருக்கும். ஒன்றுபட்ட ஆந்திரத்தில் 2007இல் ஆரோக்யஸ்ரீ, மத்திய அரசின் 30,000 ரூபாய்த் திட்டம் 2008இல், தமிழ்நாட்டில் 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம், அப்புறம் 2018 செப்டம்பரில் நாடு முழுவதற்குமாக ஆயுஷ்மான் பாரத். 2024இல் 70 வயதைத் தாண்டிய எல்லோரையும், வருமானம் பார்க்காமல், அதில் சேர்த்தார்கள். பத்துப் பதினைந்து வருடங்களில் இவ்வளவு தூரம் வந்ததற்குக் காரணம் உண்டு. காப்பீட்டைத் தொடங்குவது அரசுக்குச் சுலபம். கட்டடம் கட்ட வேண்டாம், ஆள் எடுக்க வேண்டாம், அட்டை அடித்துக் கொடுத்தால் மறுநாளே திட்டம் நடக்கிறது.

பிரச்சினை, அது எப்போது உதவுகிறது என்பதில் இருக்கிறது. படுக்கையில் அட்மிட் ஆனாலோ, டயாலிசிஸ் போன்ற சில சிகிச்சைகளுக்கோதான் காப்பீடு. ஆயுஷ்மான் பாரத்தில், ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முந்தைய 3 நாள், வீடு திரும்பியபின் 15 நாள் வரையிலான செலவு உள்ளே வரும். பதினாறாம் நாள் முதல் அந்த பைபாஸ் அண்ணன் ஆயுசு முழுக்கப் போட வேண்டிய மாத்திரைகள் அவர் பாடு. 2023இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்று மதிப்பிட்டது. இவர்களில் பெரும்பாலோர் ஆஸ்பத்திரியில் படுப்பதில்லை. மாதாமாதம் மாத்திரை வாங்குகிறார்கள், அவ்வளவுதான். நாட்டின் மொத்த சுகாதாரச் செலவில் மக்கள் நேரடியாகக் கைக்காசு போடுவது 2014-15இல் 62.6 சதவீதமாக இருந்து 2021-22இல் 39.4 ஆகக் குறைந்திருப்பதாக அரசுக் கணக்கு சொல்கிறது. சரி, குறைந்தது நல்லது. ஆனாலும் நூறில் 39 ரூபாய் என்பது லேசான தொகை அல்ல. வெளிநோயாளியாகப் போய் வருபவர் செய்யும் செலவில் பெரும்பகுதி மருந்துக்கடையில்தான் இறங்குகிறது.

இன்னொன்று, அட்டை இருந்தாலும் ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்க வேண்டும். மலைக்கிராமத்துக்காரருக்குப் பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனை மாவட்டத் தலைநகரில் என்றால், பஸ்ஸுக்கும் கூட இருப்பவரின் சாப்பாட்டுக்கும் யார் கொடுப்பது? என் சித்தப்பாவைச் சேர்த்த ஒரு தனியார் மருத்துவமனையில், அட்டை செல்லும் என்று சொல்லிவிட்டு, இந்த ஸ்கேன் பேக்கேஜில் வராது, அந்த ஸ்டென்ட் வராது என்று ஒவ்வொன்றாகக் காசு வாங்கினார்கள். ராத்திரி பதினொரு மணிக்கு வாதாட யாருக்குத் தெம்பு இருக்கும்? கட்டினோம். சித்தி கையிலிருந்த வளையல் அடுத்த வாரம் இல்லை.

தமிழ்நாட்டில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். இங்கே அரசு மருத்துவமனைகளும் காப்பீட்டில் சிகிச்சை செய்து பணத்தைக் கோரிப் பெறுகின்றன. ஜி.எச்.சில் செய்த அறுவைச் சிகிச்சைக்கு வரும் காப்பீட்டுப் பணம் அந்த ஜி.எச்.சுக்கே கருவியாகவும் மருந்தாகவும் திரும்புகிறது. காப்பீட்டைக் கேட்பவர்கள் இந்த வரியைக் கட்டாயம் சேர்த்துக் கேட்க வேண்டும். இல்லாவிட்டால் அரசுப் பணம் தனியார் பக்கம் மட்டுமே ஓடும் வாய்க்காலாகிவிடும்.

பக்கத்திலிருக்கும் ஆஸ்பத்திரி

1946இல் ஜோசப் போர் (Bhore) என்பவர் தலைமையிலான குழு கொடுத்த அறிக்கை, காசு இல்லை என்ற காரணத்தால் ஒருவருக்கும் மருத்துவம் கிடைக்காமல் போகக்கூடாது என்றது. அதன் வழியில் வந்ததுதான் ஆரம்ப சுகாதார நிலையம். சமவெளியில் 30,000 பேருக்கு ஒன்று, மலைப்பகுதியில் 20,000 பேருக்கு ஒன்று என்பது கணக்கு. காகிதத்தில் இந்தக் கணக்கு நாடு முழுக்க ஒன்றுதான். நடப்பில் மாநிலத்துக்கு மாநிலம் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம்.

தமிழ்நாடு இதில் முன்னால் இருப்பதற்குக் கட்டடம் காரணம் இல்லை. இங்கே பொதுச் சுகாதாரத்துக்கென்று தனி இயக்ககம் நூறாண்டாக இருக்கிறது. 1939லேயே பொதுச் சுகாதாரச் சட்டம் வந்துவிட்டது. 2017 கொள்கை எல்லா மாநிலங்களுக்கும் சிபாரிசு செய்த பொதுச் சுகாதாரப் பணியாளர் பிரிவு இங்கே ஏற்கெனவே நடைமுறையில் இருந்த விஷயம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மூன்று ஸ்டாஃப் நர்ஸ்களை ஷிஃப்ட் முறையில் போட்டு 24 மணி நேரமும் திறந்து வைத்தார்கள். பார்த்தால் சின்ன ஏற்பாடு. ஆனால் பிரசவ வலி ராத்திரி ரெண்டு மணிக்கும் வரும், அப்போது கதவைத் தட்டினால் திறக்க ஆள் வேண்டும். அந்த ஆளைப் போட்டதால்தான் கிராமத்துப் பெண்கள் அங்கே வரத் தொடங்கினார்கள்.

2021 ஆகஸ்ட்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் இதன் அடுத்த படி. பிரஷர், சர்க்கரை மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுப்பது. எங்கள் தெருவில் அதற்காக வரும் அக்கா மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடமாட்டார். திண்ணையில் உட்கார்ந்து, போன மாச அட்டையைக் காட்டுங்க என்பார். அட்டையில் மாத்திரை மீதி இருந்தால் ஏன் போடவில்லை என்று கேட்பார். அம்மா மாத்திரையைக் குறைத்த கதையைக் கண்டுபிடித்தது அவர்தான், நாங்கள் அல்ல. எந்தக் காப்பீட்டு அட்டைக்கும் இந்தக் கேள்வியைக் கேட்கத் தெரியாது.

ஆனால் இந்த வழி மெதுவானது. ஆள் எடுக்க வேண்டும், எடுத்த ஆள் அங்கே நிற்க வேண்டும். மருத்துவர்கள் கிராமத்துக்குப் போவதில்லை என்று குறைபடுவதைவிட, ஏன் போக வேண்டும் என்பதற்கு ஒரு காரணம் உண்டாக்குவது மேல். அரசுப் பணியில் இருக்கும் மருத்துவர்களுக்கு முதுநிலைப் படிப்பில் தனி ஒதுக்கீடு என்ற தமிழ்நாட்டு முறை அப்படி ஒரு காரணம். சில ஆண்டுகள் கிராமத்தில் வேலை பார்த்தால் மேற்படிப்புக்கு வழி பிறக்கும். இடையில் இந்த முறைக்குச் சிக்கல் வந்து, மாநிலங்களுக்கு அந்த அதிகாரம் உண்டு என்று 2020இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகே தெளிவு வந்தது. தேசியக் கொள்கை இதை ஒரு வரியில் உறுதிப்படுத்தினால் மற்ற மாநிலங்களும் தைரியமாகச் செய்யும்.

மருந்து அலமாரி

இங்கேதான் என் மனசு நிற்கிறது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்குவதில் பெரிய முறைகேடு நடந்தது தெரியவந்தது. அதற்குப் பிறகு 1994இல் உருவானது தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். மாநிலத்துக்குத் தேவையான மொத்த மருந்தையும் ஒரே இடத்தில் டெண்டர் விட்டு வாங்குவது, கம்பெனி வைத்த பெயரில் இல்லாமல் மருந்தின் மூலப்பெயரிலேயே வாங்குவது என்று தொடங்கினார்கள். மொத்தமாக வாங்கியதால் விலை இறங்கியது. கம்பெனியிடமிருந்து வந்த மருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போகாது, மாவட்டக் கிடங்குக்குப் போகும். அங்கே மாதிரி எடுத்து, எந்தக் கம்பெனி என்று தெரியாதபடி மறைத்து ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். தேறினால்தான் வெளியே போகும். தேறாத கம்பெனியைக் கறுப்புப் பட்டியலில் சேர்ப்பார்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது பாஸ்புக். ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒரு பாஸ்புக். அதில் அந்த ஆண்டு எவ்வளவு ரூபாய் மதிப்புக்கு மருந்து எடுக்கலாம் என்று வரவு வைத்திருக்கும். பாம்புக்கடி அதிகமுள்ள ஊர்க்காரர் விஷமுறிவு மருந்தைக் கூடுதலாக எடுத்துக்கொள்ளலாம், சர்க்கரை அதிகமுள்ள ஊர்க்காரர் மெட்ஃபார்மினை. தலைமைச் செயலகத்தில் உட்கார்ந்து எல்லா ஊருக்கும் ஒரே மூட்டை கட்டி அனுப்பும் வேலை இல்லை. எங்கே என்ன இருப்பு இருக்கிறது என்பது கணினியில் தெரியும், குறைந்தால் அடுத்த ஆர்டர் போகும்.

கேரளம் பிறகு இதே போன்ற கழகத்தை அமைத்தது. ராஜஸ்தான் 2011 அக்டோபர் 2 முதல் அரசு மருத்துவமனைகளில் இலவச மருந்துத் திட்டத்தைத் தொடங்கியது. ராஜஸ்தான் இங்கே முக்கியமான உதாரணம், ஏனென்றால் அது தமிழ்நாடு போல நூறாண்டுப் பொதுச் சுகாதாரப் பின்னணி உள்ள மாநிலம் அல்ல. நிதியும் உறுதியும் இருந்தால் ஒரு மாநிலம் சில ஆண்டுகளில் மருந்து அலமாரியை நிரப்பிவிட முடியும் என்பதற்கு அதுவே சாட்சி. மருத்துவரை உருவாக்கப் பல வருடம் ஆகும், கிடங்கு அமைத்து டெண்டர் விட ரெண்டு வருடம் போதும். 2015இல் தேசிய சுகாதார இயக்கத்தின் கீழ் இலவச மருந்துக்கு மத்திய நிதி தரும் ஏற்பாடும் வந்தது. வழி இருக்கிறது, பாதியில் நிற்கிறது.

மருந்தகங்களில் மலிவு விலையில் மருந்து விற்பதும் ஒரு வழிதானே என்று கேட்கலாம். 2008இல் மத்திய அரசு தொடங்கிய மக்கள் மருந்தகங்கள், 2025இல் தமிழ்நாடு தொடங்கிய முதல்வர் மருந்தகங்கள் இரண்டுமே நடுத்தரக் குடும்பத்துக்குப் பெரிய உதவி. நானே வாங்குகிறேன். ஆனால் நாள் கூலிக்குப் போகும் ஒருவருக்குப் பாதி விலையும் விலைதான். கையில் காசு இல்லாத மாதம் அவர் வாங்கமாட்டார்.

பரிசோதனையையும் இதோடு சேர்த்தே கேட்க வேண்டும். மாத்திரை இலவசம், ரத்தப் பரிசோதனை மட்டும் வெளியே என்றால், பாதி பேர் பரிசோதனையை விட்டுவிட்டு அதே மாத்திரையை அதே அளவில் வருடக்கணக்கில் போட்டுக்கொண்டிருப்பார்கள்.

உரிமைச் சட்டம்

சட்டத்தைக் கேட்பவர்களின் நியாயம் எனக்குப் புரிகிறது. ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஒரு தொழிலாளியை மேற்கு வங்கத்தில் அரசு மருத்துவமனைகள் படுக்கை இல்லை, வசதி இல்லை என்று ஒன்று மாற்றி ஒன்று திருப்பி அனுப்பின. 1996இல் அந்த வழக்கில் உச்ச நீதிமன்றம், அவசர சிகிச்சை மறுப்பது வாழும் உரிமையான 21ஆம் பிரிவை மீறுவது என்று சொல்லி அவருக்கு 25,000 ரூபாய் இழப்பீடு கொடுக்க வைத்தது. தீர்ப்பு இருந்தாலும் ஆஸ்பத்திரி வாசலில் நிற்பவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு வருவதில்லை. சட்டம் இருந்தால் புகார் சொல்ல ஓர் இடம் இருக்கும்.

2023 மார்ச்சில் ராஜஸ்தான் அப்படி ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. அவசர சிகிச்சையை முன்பணம் கேட்காமல் கொடுக்க வேண்டும் என்றது. பணத்தை அரசு எப்போது, எவ்வளவு தரும் என்று கேட்டுத் தனியார் மருத்துவர்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். தனியார் மருத்துவமனைகளில் ஒரு பகுதிக்கு விலக்கு தர அரசு ஒப்புக்கொண்ட பிறகே அது முடிந்தது. இதைத் தமிழ்நாட்டின் இன்னுயிர் காப்போம் திட்டத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். சாலை விபத்தில் அடிபட்டவருக்கு, எந்த ஊர்க்காரராக இருந்தாலும், முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். இதற்குத் தனிச் சட்டம் போடவில்லை. எந்தச் சிகிச்சைக்கு எவ்வளவு என்று முதலிலேயே பேசி, பணத்துக்கு வழி செய்துவிட்டுத் தொடங்கினார்கள். சட்டம் வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் பண ஏற்பாடும் மருந்து இருப்பும் இல்லாமல் சட்டம் முதலில் வந்தால், ஆஸ்பத்திரியில் இருக்கும் நர்ஸும் நோயாளியும் முட்டிக்கொள்வார்கள். ஸ்டாக் இல்லாததற்கு அந்த நர்ஸ் என்ன செய்வார்?

என் வரிசை

அப்படியானால் முதலில் மருந்தும் பரிசோதனையும், அதோடு ஒட்டி ஆரம்ப சுகாதார நிலையத்தின் ஆட்கள், மூன்றாவதாகச் சட்டம், கடைசியில் காப்பீட்டு விரிவாக்கம் என்பது என் வரிசை. காப்பீட்டைக் கடைசியில் வைப்பது பலருக்கு உறுத்தும். இருக்கும் காப்பீட்டில் ஒரு ரூபாயைக்கூடக் குறைக்கச் சொல்லவில்லை. வாரம் மூன்று முறை டயாலிசிஸுக்குப் போகிறவரிடம் அலமாரியைப் பற்றிப் பேசி என்ன பயன்? அவருக்கு அட்டை இன்றைக்கே வேண்டும். புதிதாக வரும் பணம் எங்கே போக வேண்டும் என்பதுதான் கேள்வி. சர்க்கரையும் பிரஷரும் கட்டுக்குள் இல்லாமல் சிறுநீரகம் கெடுவது நம் ஊரில் எவ்வளவு சாதாரணம்! ஐம்பது வயதில் மாத்திரை ஒழுங்காகக் கிடைத்தால் அறுபதில் டயாலிசிஸ் நாற்காலிக்குப் போகாமல் தப்பிக்கிறவர்கள் இருப்பார்கள். பக்கத்தில் ஆஸ்பத்திரியே இல்லாத மாவட்டங்களில், முதல் சில ஆண்டுகளுக்கு இந்த வரிசையைக் கொஞ்சம் மாற்றி ஆட்களை முன்னால் வைக்க வேண்டியிருக்கலாம். மருந்து இருந்து கொடுக்க ஆள் இல்லை என்றால் பயனில்லை.

ஆலோசனையை எப்படி எழுதுவது என்பதும் எதை எழுதுவது என்பதைப் போலவே முக்கியம். தாய்லாந்தில் 2007இல் வந்த தேசிய சுகாதாரச் சட்டத்தின்படி 2008 முதல் தேசிய சுகாதாரப் பேரவை கூடுகிறது. மக்கள் அமைப்புகளும் வல்லுநர்களும் அதிகாரிகளும் சேர்ந்து உட்கார்ந்து தீர்மானம் போடுகிறார்கள். பிரேசிலில் 1986இல் நடந்த தேசிய சுகாதார மாநாட்டில் பேசியதுதான் 1988 அரசியலமைப்பில் எல்லோருக்கும் மருத்துவம் என்று இடம்பிடித்தது. எழுதி அனுப்பியதற்கு என்ன ஆனது என்று கேட்க ஓர் இடம் அங்கே இருந்தது. நம் ஊரில் கருத்து கேட்பார்கள், அனுப்புவோம், எது எடுத்துக்கொள்ளப்பட்டது, எது ஏன் விடப்பட்டது என்று பதில் வருவது அபூர்வம். அதனால் பதில் சொல்லியே ஆக வேண்டிய விதத்தில் எழுத வேண்டும். "மருந்துத் தட்டுப்பாட்டைப் போக்க வேண்டும்" என்று எழுதினால் ஆவன செய்யப்படும் என்று முடித்துவிடுவார்கள்.

நான் எழுதினால் இப்படி எழுதுவேன். ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் சர்க்கரை, பிரஷர், இதயம், வலிப்பு, மனநலம் ஆகியவற்றுக்கான அத்தியாவசிய மாத்திரைகள் எப்போதும் மூன்று மாத இருப்பில் இருக்க வேண்டும். இருப்பு எவ்வளவு என்பதை வாசலில் பலகையில் தினமும் எழுத வேண்டும், தமிழில், பெரிய எழுத்தில். ஒரு மருந்து இல்லையென்றால் நோயாளியைத் திருப்பி அனுப்பாமல், பக்கத்து மருந்துக்கடையில் அரசுக் கணக்கில் வாங்கிக்கொள்ளச் சீட்டு கொடுக்க வேண்டும். இதைச் செய்யும் மாநிலங்களுக்கு மருந்துச் செலவில் மத்திய அரசு தரும் பங்கு எவ்வளவு என்பதைக் கொள்கையிலேயே எண்ணாக எழுத வேண்டும், ஆண்டோடு சேர்த்து. சுகாதாரம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது, வாங்குவதையும் கொடுப்பதையும் மாநிலங்கள் பார்த்துக்கொள்ளட்டும், பணம் நேரத்துக்கு வந்தால் போதும்.

இவற்றில் ஒன்றை மட்டும் தருகிறோம், எது வேண்டும் என்று கேட்டால், அந்தச் சீட்டைக் கேட்பேன். ஸ்டாக் இல்லை என்று சொல்லும் நாளில் அம்மாவின் கையில் அது இருந்திருந்தால், அன்று அவர் கடைக்குப் போய் மாத்திரை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்திருப்பார்.